சேவையரின் ஒன்றரை மடங்குக் கண்ணாடி

ஆஸ்திரேலியாவில் இதுவரை கால் வைத்த தமிழர்களிலேயே, யானை சுடும் துவக்கு ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்த சுத்த சைவர் எங்கள் சேவையர் ஒருவர்தான். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். குசினிக்குள் எறும்பு வந்தால் காகிதத்தில் ஏற்றி, தோட்டத்தில் இறக்கிவிட்டு வருவார். அப்பேர்ப்பட்டவரின் கட்டிலுக்கு அடியில் ஒரு துவக்கு படுத்திருந்தது. அதன் ஒவ்வொரு தோட்டாவும் கதலி வாழைப்பழம் அளவு.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் தமிழ்க் குரல் கேட்டால் மறு தெருவில் இருந்து ஓடிவந்து பார்க்கிற காலம். செவன் ஹில்ஸில் ஒரு பலகை வீட்டை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். பெயின்ற் தொழிற்சாலையில் வேலை செய்த நான், அதே தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட கோயம்புத்தூர் மூர்த்தி, மூன்றாவது ஆள் சேவையர். காணி அளப்பவரை எங்கள் பக்கத்தில் சேவையர் என்றுதான் சொல்வோம். அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கும் தபால்காரருக்கும் மட்டும் தேவைப்பட்டது.

எதையும் அளக்காமல் அவரால் இருக்க முடியாது. நாங்கள் மூவரும் சோறு போட்டுக்கொண்டால், மூன்று கோப்பைகளையும் குனிந்து பக்கவாட்டில் பார்த்து, "மூர்த்தியின்ர குவியல் அரை அங்குலம் கூட" என்பார்.

துவக்கு வந்த கதை இது. அவருடைய அலுவலகத்து ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை மேற்கே வெகு தூரத்தில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போவார்கள். அங்கே காட்டுப் பன்றிகள் ஆட்டுக்குட்டிகளைத் தின்றுகொண்டிருந்தன. பண்ணைக்காரரே கூப்பிட்டுச் சுடச் சொல்வார். அந்த வருடம் ஒருவன், "மரக்கறி தின்னும் ஆளால் துவக்கைத் தூக்கக்கூட முடியாது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். சேவையர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, தானும் வருவதாக அறிவித்தார்.

"பண்டியைச் சுடப் போறியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"தின்னவோ போறன்? ஆட்டுக்குட்டியைக் காப்பாத்தப் போறன். அது சைவத்துக்கு உடன்பாடுதான்."

சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போனவர், அங்கே இருந்ததில் பெரியது எதுவென்று கேட்டு அதை வாங்கி வந்தார். ஆபிரிக்காவில் யானை வேட்டையாடிய யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்றுப்போட்டுப் போனதாம். மூர்த்தி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

"சார், பீரங்கி மாதிரி இருக்கே. சக்கரம் எங்க சார்?"

"பகிடியை விடும். சின்னத் துவக்கு எண்டால் நாலு வெடி வைக்க வேணும். பண்டிக்கு நாலு தரம் நோகும். இது ஒரே வெடி."

இனி அதன் மேலே பூட்டும் தூரக்கண்ணாடி வேண்டும். ஸ்கோப் என்பார்களே, அது. கடைக்காரர் ஆறடிக்கு மேல் உயரமான, முன்பல் இரண்டு இல்லாத மனிதர். இவ்வளவு கடுமையாக உதைக்கிற துவக்குக்குச் சிறிய மடங்குக் கண்ணாடிதான் சரி என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். சேவையர் கேட்கவில்லை. தியோடலைட் என்கிற அளவைக் கருவிக்குள் பதினைந்து வருடம் கண்ணை வைத்துப் பார்த்த மனிதர் அவர். அது இருபத்தைந்து மடங்கு பெருப்பிக்கும். பன்னிரண்டு மடங்குக்குக் குறைந்த எதுவும் அவர் பார்வையில் விளையாட்டுச் சாமான். கடையிலேயே நீளமான பன்னிரண்டு மடங்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் அதைத் தனியாகக் கையில் பிடித்துப் பின்வளவில் நின்று பழகினார். அரை மணித்தியாலம் அசையாமல் நின்றவரை வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டு அம்மா கவனித்துவிட்டார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"உங்கள் கொடியில் உள்ள உடுப்புக் கிளிப்பில் வெடிப்பு இருக்கிறது" என்றார் சேவையர்.

அந்த அம்மா போய்ப் பார்த்தார். வெடிப்பு இருந்தது. ஆனால் அந்த ஒரு கிளிப்பைத் தவிர வேறெதுவும் அந்தக் கண்ணாடிக்குள் தெரியவில்லை என்பதைச் சேவையர் எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, மலையடிவாரத்தில் இருந்த சுடும் மைதானத்துக்கு மூர்த்தியின் காரில் போனோம். சேவையர் படுத்தார். கண்ணாடியில் கண்ணை ஒட்டினார். தியோடலைட்டில் அப்படித்தான் ஒட்டவேண்டும். தியோடலைட் திருப்பி உதைப்பதில்லை.

சத்தம் கேட்டது. புகை விலகியபோது சேவையர் படுத்த இடத்தில் இருந்து ஒரு முழம் பின்னால் கிடந்தார். வலது புருவத்துக்கு மேலே, கவராயம் வைத்துக் கீறியது போல அழகான பிறை. அதிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"குறியில பட்டுதோ?" என்றார்.

"உங்க மேலதான் சார் பட்டிருக்கு" என்றான் மூர்த்தி.

மூன்று தையல். ஆஸ்பத்திரியில் தைத்த நர்ஸ், யாருடன் சண்டை என்று கேட்டாராம். இவர் பௌதிகத்துடன் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் முறை மூர்த்தியின் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு சுட்டார். தலைக்கவசத்தின் முன்கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. முதற் பிறைக்குச் சற்று மேலே இன்னொரு பிறை. மூன்றாம் முறை ஒரு குட்டித் தலையணையைத் தூரக்கண்ணாடியின் விளிம்பில் கட்டினார். இம்முறை அவர் தப்பிவிட்டார், தூரக்கண்ணாடி தப்பவில்லை. உள்ளே குறி பார்ப்பதற்கென்று குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் மெல்லிய கம்பிகள் உதையில் அறுந்துவிட்டன. சேவையர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள இடியப்பம் புழிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

வேட்டைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அலுவலகத்தில் அவருடைய புருவத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பயணத்தை விட்டுவிடுங்கள் அண்ணை என்று நான் சொன்னேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் புருவத்தைப் பார்த்தார். மூன்று சிறிய கண்ணாடிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். நாலு மடங்கு, இரண்டரை மடங்கு, ஒன்றரை மடங்கு. பிறகு நாலு விரல்களைச் சேர்த்துத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருந்தால் உங்கள் நெற்றி பிழைக்கும். கண்ணாடி பாரமில்லாமல் இருந்தால் உதையில் கழன்று பறக்காது. மடங்கு குறைந்தால் அகலமாகத் தெரியும். பற்றைப் புதருக்குள் ஓடுகிற பன்றிக்கு அதுதான் வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடித்தார்.

சேவையர் ஒன்றரை மடங்குக் கண்ணாடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். என்னிடம் தமிழில் சொன்னார்: "என்ர வெறுங்கண்ணே ஒரு மடங்கு. மிச்ச அரைக்காக ஒரு சாமானோ?"

இருந்தாலும் காணி அளந்தவர், பரிசோதிக்காமல் தள்ளமாட்டார். சட்டைப் பையில் இருந்து அளவுநாடாவை எடுத்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் கண்ணிலிருந்து பின்னுக்குப் பின்னுக்குக் கொண்டுபோய், காட்சி மறையும் இடத்தை அளந்து கொப்பியில் எழுதினார். ஒன்றரை மடங்கில்தான் கண்ணிலிருந்து அதிக தூரம் தள்ளிப் பிடித்தாலும் காட்சி மறையவில்லை. அப்போதும் மனம் ஆறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீர் ஒருக்கா பண்டி மாதிரி அந்தப் பக்கம் போம்."

"கடைக்குள்ளயோ அண்ணை?"

"பண்டிக்கு எந்த இடமெண்டு தெரியுமோ? போம்."

போனேன். முழங்காலிலும் கையிலும், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, மீன் தூண்டில்கள் இருந்த பக்கத்தில் இருந்து கூடாரங்கள் இருந்த பக்கத்துக்குத் தவழ்ந்து போனேன். ஒரு கிழவர் மரியாதையாக வழிவிட்டார். சேவையர் வெறும் கண்ணாடியைப் பிடித்து என்னைத் தேடினார்.

"நாலு மடங்கில உம்மட பின்பக்கம் மட்டும்தான் தெரியுது. திரும்பி வாரும்."

திரும்பி வந்தேன்.

"இரண்டரையில தலை தெரியுது, கால் இல்லை. இன்னொருக்கா."

மூன்றாம் முறை தவழும்போது முழங்காலில் காற்சட்டை கிழிந்தது. சேவையர் கண்ணாடியை அங்கும் இங்கும் அசைத்துப் பார்த்தார். பிறகு, "நீர் முழுசாத் தெரியுறீர். உமக்குப் பக்கத்தில நிக்கிற கிழவரும் தெரியுறார். அவர் சிரிக்கிறதும் தெரியுது" என்றார். ஒன்றரை மடங்கைப் பெட்டியில் போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு வெடி வைத்தார். தோள் உழுந்து வடை போல வீங்கியதே தவிர, நெற்றி பிழைத்தது. ஆறில் நாலு குறியில் பட்டது.

வேட்டைக்கு நானும் போனேன். சேவையருக்குச் சோறும் பருப்பும் சமைத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பது பெயருக்கு. உண்மையில் அந்தத் துவக்கையும் அவரையும் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கும் சிவப்பு மண், முள்ளுப் பற்றைகள், வானம். இரண்டாம் நாள் காலை அலுவலகத்து ஆட்கள் பற்றைகளைத் தட்டிப் பன்றிகளைக் கலைத்துவர, சேவையர் ஒரு மேட்டில் காத்திருப்பது என்று ஏற்பாடு. என்னை லொறியடியில் நிற்கச் சொன்னார்கள்.

நின்றிருப்பேன். முதல் நாள் நான் தகரத்தில் அடைத்த போஞ்சி விதை மூன்று டின் தின்றிருந்தேன். வயிறு என்னைக் கேட்காமல் முடிவெடுத்தது. அருகில் இருந்த பற்றைக்குள் ஓடிப்போய்க் குந்தினேன். நான் போட்டிருந்தது முழங்கால் வரை வரும் கறுப்புக் கம்பளிக் கோட்டு.

பக்கத்தில் ஏதோ உறுமியது. எட்டிப் பார்த்தால், என்னிலிருந்து ஐந்தாறு பாகம், முப்பதடி தூரத்தில் ஒரு கிடாய்ப் பன்றி. கன்றுக்குட்டி அளவு. அதற்கு அப்பால் மேட்டின்மேல் சேவையர், துவக்கை நேராக எங்கள் இருவரையும் நோக்கிப் பிடித்தபடி. எழும்ப முடியாது. கத்தவும் வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

வெடி வரவில்லை. கண்ணைத் திறந்தபோது துவக்கின் வாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்றி அவருடைய மேட்டடியால், கல்லெறிந்தாலே படுகிற தூரத்தில், ஆறுதலாக, அவசரமே இல்லாமல் ஓடித் தப்பியது. கலைத்துவந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சிரிப்பு எனக்கே கேட்டது.

சேவையர் தோட்டாக்களைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கி வந்தார். பற்றைக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

"அண்ணை, என்னைக் கண்டனீங்களோ?"

"ஓம். பண்டி நடுவில. நீர் கரையில. மற்றக் கண்ணாடி எண்டால் கறுப்பு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். எது பண்டி எண்டு..." துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "ஆறுதலா முடிச்சுப்போட்டு வாரும். ஒருத்தரும் வராமல் நான் நிக்கிறன்" என்றார்.

ஏன் சுடவில்லை என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். "கண்ணில் வெயில் அடித்துவிட்டது" என்றார் சேவையர். சூரியன் அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது. அது அவர்களுக்கும் தெரியும். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் மரக்கறி தின்னும் அவரை 'கரட்' என்று கூப்பிட்டார்கள். வேலையால் ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த கேக்கில்கூட ஒரு கரட் வரைந்திருந்தது. முட்டை போட்ட கேக். ஒரு துண்டை வாங்கிக் கையில் வைத்தபடி எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

துவக்கைத் திரும்ப அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டார். எனக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், கிரவீனில் வீடு வாங்கினேன். எல்லாவற்றுக்கும் சேவையர் வந்தார், அளவுநாடாவுடன். எங்கள் சோற்றுக் குவியலில் தொடங்கி ஊர்க் காணிச் சண்டைகள் வரைக்கும் எல்லார் கதையும் அவர் வாயில் புழங்கியது. வாயில் எதுவும் தங்காத அந்த மனிதர், அன்று பற்றைக்குள் கண்டதை மட்டும் என் மனைவியிடமோ மூர்த்தியிடமோ வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

சேவையர் காலமாகி இப்போது மூன்று மாதம். இனி அவருக்காக நான்தான் சொல்லவேண்டும்: வெயில் அடிக்கவில்லை, ஐயாமாரே. பற்றைக்குள் இருந்தது நான்.