கல்லுடைப்பவர் காட்டிய திமிங்கலம்

"பஸ் வர்றதுக்குள்ள காட்டுங்க மாப்பிள்ளை. இல்லேன்னா திங்கக்கிழமை என் குடோனுக்கு வந்துடணும். பேச்சு மாறக் கூடாது" என்றார் மச்சான்.

கல்லுடைப்பவர் கடலைப் பார்த்தார். கடல் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

மனைவிக்குத் திமிங்கலம் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. "பொண்டாட்டியை ஒரு இடம் கூட்டிட்டுப் போக நேரமில்லாத குவாரி வேலை எதுக்கு? என்கிட்ட மூட்டை அடுக்கட்டும்" என்று அவள் அண்ணன் சொல்லப்போக, "காட்டுறேன். காட்டலேன்னா வர்றேன்" என்று இவர் வாயைக் கொடுத்திருந்தார். மச்சானிடம் கைகட்டி நிற்பதற்கு, வெடி வைத்த பாறைமேல் உட்கார்ந்துகொள்ளலாம்.

பழைய கலங்கரை விளக்கத்தின் அடியில், வேலியை ஒட்டி ஒரு கூட்டமே நின்றது. திமிங்கலம்தான் வரவில்லை. இவர் கோபுரத்தின் பக்கம் திரும்பினார்.

"கல்லைப் பாரேன். சந்துல ஊசி நுழையாது. எப்படித்தான் இவ்வளவு உயரம் ஏத்தினாங்களோ."

"கல்லைப் பார்க்கவா இங்க வந்தேன்?" என்றாள் மனைவி.

அப்போதுதான் கண்ணில் பட்டது. தூரத்தில், தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு முதுகு. பார்த்ததுமே பாறை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மச்சானோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோ" என்று கையை நீட்டினார் கல்லுடைப்பவர். "திமிங்கலம்."

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க. எம்மாம் பெருசு."

"அசையலையே" என்றார் மச்சான்.

"தூங்குது. உங்களை மாதிரி குடோன்ல உட்கார்ந்தா தூங்கும்?"

மனைவி பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் அடுத்தவர்களிடம் சொன்னார்கள். வேலி வளையும்படி கூட்டம் சாய்ந்தது. கேமரா வைத்திருந்த அம்மா ஒருத்தி கேட்டாள்: "இவ்வளவு நேரமா தண்ணியே பீய்ச்சலையே. உடம்புக்கு முடியலையோ?"

"மாசமா இருக்கு" என்றார் கல்லுடைப்பவர், வேறு ஒன்றும் தோன்றாமல்.

அத்தோடு ஒருவரும் நகரவில்லை. பஸ் வந்து ஹாரன் அடித்தது. டிரைவரும் இறங்கி வந்து நின்றுகொண்டார். குட்டி எந்தப் பக்கமாக வரும் என்று விவாதம் நடந்தது.

"கிட்டப் போய்ப் பார்க்கணுங்க" என்ற மனைவி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். கேமரா அம்மா பின்னாலேயே தாண்டினாள். நாலைந்து பேர் காலைத் தூக்கினார்கள்.

கீழே சரிவு முழுக்கப் பாசி. அடுக்கடுக்காக உளுத்த கல். ஒன்று பெயர்ந்தால் மொத்தமும் கடலில்தான். கல்லுடைப்பவர் வேலிக்கு ஓடினார்.

"ஏய், நில்லு. அது திமிங்கலம் இல்ல."

"விளையாடாதீங்க."

"பாறைடி. சும்மா சொன்னேன். மேலே வா."

அவள் நின்றுவிட்டாள். கூட்டமும் அப்படியே நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கேமரா அம்மா கோபமாக.

"பொழுதன்னைக்கும் பாறையை உடைக்கிறவன்மா நான். முதுகுல வெள்ளை வெள்ளையாத் தெரியுது பாருங்க, அது கல்லுல ஓடுற வரி. பறவை உட்கார்ந்திருக்கு. உயிருள்ளதுமேல போய் உட்காருமா? சுத்தமான கருங்கல். சம்மட்டி குடுத்தா நாலே அடியில பிளந்து காட்டுறேன்."

திட்டிக்கொண்டே கூட்டம் கலைந்து பஸ்ஸுக்கு நடந்தது. மனைவி மேலே ஏறி வந்து, செருப்பைத் தரையில் ஓங்கிப் போட்டு மாட்டினாள். அந்தச் சத்தத்துக்குச் சம்மட்டியடியே மேல்.

"திங்கக்கிழமை காலையில எட்டு மணி" என்று தோளில் தட்டினார் மச்சான். "லேட்டா வரக் கூடாது மாப்பிள்ளை."

மேலே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த விளக்குக்காரர், சத்தம் கேட்டுத் துணியும் கையுமாக இறங்கி வந்தார்.

"என்ன கலாட்டா?"

"ஒண்ணுமில்லைங்க. அந்தப் பாறையைத் திமிங்கலம்னு சொல்லிட்டேன்."

விளக்குக்காரர் கடலைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் பாறையே கிடையாதுன்னுதானேய்யா, கப்பலையெல்லாம் அந்த வழியா விடுறோம்?"