ஹோல்டு மோகினி

"குழாய் கம்பெனிங்களா? தயவுசெஞ்சு ஒண்ணும் பேசாதீங்க. என்னை உடனே ஹோல்டுல போடுங்க!"

காலையிலிருந்து வந்த அத்தனை அழைப்பும் இந்த ரகம்தான். குழாய் வேண்டுமென்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. ரிசப்ஷனிஸ்டுக்குத் தலை கிறுகிறுத்தது.

பக்கத்து மேஜை அக்கவுண்டன்ட் அக்காதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "உனக்குத் தெரியாதா? யாரோ ஒரு கஸ்டமர் நம்ம ஹோல்டு பாட்டை ரெக்கார்டு பண்ணி இன்டர்நெட்ல விட்டுட்டான். என்ன பாட்டு, யாரு பாடினதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஹோல்டு மோகினின்னு பேர் வச்சு ஊரே மண்டையை உடைச்சுக்குது!"

"நம்ம ஃபோன்ல பாட்டு வேற வருதா?"

"ஹோல்டுல நிக்கறவனுக்குத்தானே கேக்கும். நமக்கெங்க கேக்கப் போகுது?"

அக்கா தன் செல்போனில் போட்டுக் காட்டினாள். கரகர இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் இழுத்தது. திடீரென்று நறநறவென்று ஒரு சத்தம். எலும்பு நொறுங்குகிறதாம். பாடும்போதே கொலையான பாடகி என்று ஒரு கட்சி, சுத்தமான பேய்தான் என்று எதிர்க்கட்சி.

"கர்மம்! கதவுக் கீல் கத்தற மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றாள் ரிசப்ஷனிஸ்ட். சொல்லிவிட்டாளே தவிர, முதுகு சில்லிட்டுப் போயிற்று.

அதற்குள் முதலாளி பாய்ந்து வந்தார். "பெரிய பில்டர் நேத்துலேர்ந்து முயற்சி பண்றாராம், லைனே கிடைக்கலையாம்! அந்த ஆர்டர் போச்சுன்னா உங்க வேலையும் போச்சு!"

அவள் ஃபோனை அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து, குடும்பம் ஓடுவதே இவள் சம்பளத்தில்தான்.

அடுத்து அழைத்தவனிடம் பொறுமையாக விளக்கினாள். "பேயும் இல்ல, பிசாசும் இல்லைங்க. சாதாரண பாட்டுதான்."

சற்று நேரத்தில் இன்டர்நெட்டில் செய்தி பறந்தது: கம்பெனி மறுக்கிறது, அப்படியானால் நிச்சயம் பேய்தான்! அழைப்புகள் இரண்டு மடங்காயின.

சரி, அலுக்கும்வரை கேட்கட்டும் என்று வருகிறவர்களையெல்லாம் ஹோல்டில் தள்ளினாள். ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு, பிஸ்கட் டப்பாவும் பழைய பில்களுமாக உட்கார்ந்தாள். ஒருத்தனும் அலுக்கவில்லை.

"அடியே, இன்னிக்குப் புதுச் சரணம் வந்திருக்காம்!" என்று அலறினாள் அக்கா.

வேறு வழியில்லாமல் டெலிபோன் மெக்கானிக்கை வரவழைத்தாள். "அந்தப் பாட்டைப் பிடுங்கிப் போடுங்க, புண்ணியமா போகும்." அவர் மேஜைக்கடியில் புகுந்துகொண்டார்.

மறுபடி மணி அடித்தது. எடுத்தால், முதலாளி. வெளியே போனவர் ரகசியக் குரலில் பேசினார்.

"நான்தாம்மா."

"சார், மெக்கானிக் வந்தாச்சு. இப்போ பாட்டை எடுத்துடுவாரு."

"எடுக்கறதுக்கு முன்னாடி... என்னையும் ஒரே ஒரு தடவை ஹோல்டுல போடுங்களேன்."

அவள் வாய் பிளந்தாள். பட்டனை அழுத்தி, ரிசீவரை மேஜையில் வைத்ததும் வெடித்தாள்.

"பாத்தீங்களாக்கா கூத்தை! காலைல என் சீட்டைக் கிழிக்கறேன்னு குதிச்ச மனுஷன், இப்போ மோகினி கேக்கறாராம்! இவருக்கு வியாபாரமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. தலையில இருக்கற முடிகூடச் சொந்தமில்ல, விலைக்கு வாங்கினது. அதுவும் தள்ளுபடியில!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொட்டித் தீர்த்ததில் இவளுக்கும் மனசு லேசாயிற்று. ஒரு பிஸ்கட்டைக் கடித்தபடி, வாய்க்குள் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டே பில்களை அடுக்கத் தொடங்கினாள்.

மேஜைக்கடியிலிருந்து மெக்கானிக் மெல்லத் தலையை நீட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், இந்த ஃபோன்ல பாட்டே கிடையாது. ஹோல்டு பட்டன் செத்து ரொம்ப நாளாச்சு, நீங்க பேசறது, பாடறது, மெல்லறது எல்லாம் அந்தப் பக்கம் அப்படியே போயிட்டிருக்கு... முதலாளி இன்னும் லைன்லதான் இருக்காரு."