எலுமிச்சை மரமும் என் விலங்கியல் பட்டமும்

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தவர்களை எலுமிச்சை மரத்துக்குப் பத்தடி தள்ளியே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. நானும் அதைத்தான் படித்தேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

கல்யாணமாகி ஆறாவது மாதம். திருவரங்குளத்துப் பக்கம் என் மாமியார் வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம். மகனுக்கு வேலை கிடைத்தால் அந்த மரத்துக் காயாலேயே காளியம்மனுக்கு நூற்றெட்டு எலுமிச்சம்பழ மாலை போடுவதாக அத்தை வேண்டியிருந்தார். வேலை கிடைத்துவிட்டது. மரமும் பூவும் பிஞ்சுமாக நின்றது. மாலை போட வேண்டிய கோயில் திருவிழாவுக்கு நாலைந்து மாதம் இருந்தது.

ஒருநாள் காலை அத்தை முறத்தில் சாம்பலோடு மரத்தடிக்குப் போனார். கொழுந்து இலைகளின் அடியில் கடுகை ஒட்டிவைத்ததுபோல், சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. அவற்றின்மேல் சாரைசாரையாகக் கறுப்பு எறும்பு.

“நில்லுங்க அத்தை!” என்று ஓடினேன். போனில் படம் பிடித்தேன். செயலி எறும்பின் பெயரை லத்தீனில் சொன்னது. (பெயரைச் சொன்னதே தவிர, அது பார்க்கும் வேலையைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.) எறும்பு பூச்சியின் பின்புறத்தில் வாய் வைப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அது போதாதா?

“இந்த எறும்பு அந்தப் பூச்சியத் தின்னுது அத்தை. சாம்பல் போட்டா எறும்பு ஓடிரும்.”

“நெசமாவா? பிள்ளையார் எறும்பாச்சே, அதத் தொந்தரவு பண்ண எனக்கும் மனசில்லதான். நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சாம்பலைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்.

அந்தப் ‘படிச்சவ’ எனக்குத் தலைக்கேறிவிட்டது. எறும்புப் படைக்கு ஆள் சேர்க்க, தினமும் மரத்தைச் சுற்றி அரிசிமாவில் சீனி கலந்து கோலம் போட்டேன். படை சேர்ந்தது. பூச்சியும் சேர்ந்தது. இலை சுருண்டு, பிசுபிசுத்து, கரி பூசியதுபோல் ஆனது. பிஞ்செல்லாம் உதிர்ந்தது. “சண்டை உச்சகட்டத்துல இருக்கு அத்தை” என்று அதற்கும் விளக்கம் கொடுத்தேன்.

பிஞ்சு கொட்டக் கொட்ட அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒட்டுக்கன்று விற்கும் செல்லையா அண்ணனை வரவழைத்தார். அத்தை என் விளக்கத்தைச் சொல்ல, அவர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“எறும்பு எங்கிட்டுங்க திங்குது? பாலுல்ல கறக்குது! பூச்சி இனிப்பாத் தண்ணி விடும். அதக் குடிக்கத்தான் இது மாடு மாதிரி வச்சு வளக்குது. பூச்சியத் திங்க வேற எதுவும் வந்தா வெரட்டியும் விட்டுரும். ஆமா, கீழ சீனி போட்டது யாருங்க?”

நான் அவசரமாக அடுப்பிலிருந்த பாலைப் பார்க்கப் போனேன். (அடுப்பில் பால் எதுவும் இல்லை.)

திருவிழாவுக்கு மரம் கொடுத்தது பதினோரு காய். மிச்சம் சந்தையில் வாங்கியது. அத்தை என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சன்னதியில் ஊரே கூடி நிற்க, கைகூப்பிச் சத்தமாகச் சொன்னார்:

“ஆத்தா, இதுல பதினொண்ணுதான் நம்ம மரத்துக் காயி. மிச்சத்த எம் மருமக எறும்புக்குக் குடுத்துட்டா. கோவிச்சுக்காத, படிச்ச புள்ள.”

பூசாரியே சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார்.

“அம்மா என்ன வேலை பாக்குறாங்கன்னு கேட்டேங்க. எறும்பு வளக்குறாங்கன்னு பாட்டி சொன்னதாச் சொன்னா. இதுக்கெல்லாம் பயிற்சி எங்க குடுக்குறாங்க மேடம்? எங்க வீட்டுக்காரரும் சும்மாதான் இருக்காரு.”

மாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.