சடையப்பன் சும்மா இருந்த வழக்கு

சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்ன, அவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. சும்மா இருந்ததைக் காஞ்சிபுரத்தில், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், சாட்சிகளோடு நிரூபித்துக் காட்டிய மகான் ஒருவர்தான். பேர் சடையப்பன். ஊர் திருப்புலிவனம்.

சடையப்பன் ‘விவசாயி’. ஏரிக்குக் கீழே அவர் பேரில் முக்கால் ஏக்கர் தரிசாகக் கிடந்தது. நிலத்துக்கும் ஓய்வு வேண்டுமல்லவா? காலையில் சேட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாரானால் நாட்டை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார். “வூட்ட நடத்தறதுன்னா இன்னா லேசா?” என்பார். வீட்டை அவர்தான் நடத்தினார். மற்ற சில்லறை வேலைகளை, அதாவது ரெண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது, ஊரார் வயலில் நடவு நடுவது, சோறாக்குவது, மகள் இளவரசியை நர்சிங் படிக்க வைப்பது போன்றவற்றை, மனைவி எல்லம்மாள் பார்த்துக்கொண்டாள்.

போன ஐப்பசியில் டிப்பர் லாரி மோதி எல்லம்மாள் செத்துப் போனாள். சடையப்பன் வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்து, பசியோடு அடுப்படிக்குப் போனவர், அரிசி எந்தப் பானையில் இருக்கிறதென்று தெரியாமல் மறுபடியும் அழுதார். மாடு விற்ற பணம் காரியத்துக்கே சரியாய்ப் போயிற்று. ஃபீஸ் கட்ட வழியில்லாமல் இளவரசி படிப்பைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தாள்.

உத்திரமேரூர் வக்கீல் டேனியல் நம்பிக்கை தந்தார். “லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. பணம் வரும். ஆனா ‘ஆதரவு இழப்பு’ன்னு நிரூபிக்கணும்.”

“இன்னாது?”

“அந்தம்மா சம்பாத்தியத்துலதான் நீங்க வயிறு வளத்தீங்கன்னு கோர்ட்ல சொல்லணும்.”

சடையப்பன் மீசை துடித்தது. “பொண்டாட்டி சம்பாத்தியத்துல துன்னவன்னு நானே என் வாயால சொல்றதா? எங்க வம்சத்துலயே...”

“அப்ப பணம் வராது.”

“நைனா,” என்றாள் இளவரசி, “உன்ன பொய்யா சொல்லச் சொல்றாங்க?”

சடையப்பன் மின்விசிறியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, குடும்ப நலனுக்காகக் குடும்ப கௌரவத்தைத் துறந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாட்சி வேண்டும் என்ற சேதி பரவியதும் ஊர் பொங்கி எழுந்தது. கோர்ட் என்றால் கொல்லைப்பக்கமாக ஓடுகிற ஜனங்கள் வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

“அவரு சும்மா கீறத நான் கண்ணால பாத்துக்கீறேன்.”

“நீ இன்னா பாத்த, நேத்து வந்தவன்! நான் பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு கீறேன்.”

வேனுக்குள் கைகலப்பே வந்துவிட்டது. டேனியல் சமாதானம் செய்து, மூத்த நிபுணர் என்ற முறையில் டீக்கடை சேட்டுவை மட்டும் தேர்ந்தெடுத்தார்.

கூண்டில் முதலில் சடையப்பன். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஸ்ரீகாந்த் பயபக்தியோடு எழுந்தார். சடையப்பன் உழைப்பாளி என்று காட்டிவிட்டால் கம்பெனிக்குப் பணம் மிச்சம்.

“ஐயா, பார்த்தாலே தெரிகிறதே, உழைத்து உரமேறிய உடம்பு!”

சடையப்பன் நிமிர்ந்தார்.

“வெயில் மழை பாராமல் மண்ணோடு போராடியவர் நீங்கள்.”

சடையப்பனுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மனுஷன் அவரைச் சொன்னதே இல்லை. எல்லம்மாள்கூட.

“குடும்ப பாரத்தைத் தனி ஆளாகச் சுமந்தீர்கள், இல்லையா?”

“ஆமாங்க,” என்றார் சடையப்பன், தழுதழுத்து.

டேனியல் கையிலிருந்து கேஸ் கட்டு நழுவியது. பின் வரிசையில் இளவரசி இருமினாள். ஃபீஸ் கட்டாத இருமல். சடையப்பன் திடுக்கிட்டு விழித்தார், “இல்லீங்க” என்றார். அவர் வாழ்நாளில் செய்த முதல் கடும் உழைப்பு அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்துச் சேட்டு.

“இவர் கலப்பையைத் தொட்டே பார்த்ததில்லையா?” என்று மடக்கினார் ஸ்ரீகாந்த்.

“ஒரு தபா தொட்டாரு சார். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டப்போ.”

நீதிபதியே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சடையப்பன் ‘முழுமையாகவும் இடைவிடாமலும்’ சும்மா இருந்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. வெளியே வேன்காரர் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள்.

ஸ்ரீகாந்திடம் கடைசியாக ஓர் அம்பு இருந்தது. “இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் தனக்கென்று செலவு செய்திருப்பார் அல்லவா? அதற்காக அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அதுதான் விதி.”

நீதிபதி சடையப்பனைப் பார்த்தார். “உங்க மனைவி தனக்குன்னு என்ன செலவு பண்ணுவாங்க?”

சடையப்பன் யோசித்தார்.

“சேலை?”

“பொங்கலுக்கு ரேஷன்ல குடுக்கறதுதான் சார். மிச்சம் அவங்க அண்ணன் எடுத்துக் குடுப்பாரு.”

“காபி, டீ?”

“பாலு சொசைட்டிக்குப் போய்டும். அவ வரக்காப்பிதான்.” சடையப்பனுக்குக் கோர்ட்டுக்கு ஒத்தாசை செய்கிற எண்ணம்தான், எப்படியாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டுமென்று மூளையைக் கசக்கினார். சட்டென்று முகம் மலர்ந்தது. “ஒண்ணு கீது சார்! எப்பவும் நடந்துதான் வருவா. அன்னிக்குக் காலு வலிக்குதுன்னு ஷேர் ஆட்டோ ஏறிக்கினா. பத்து ரூபா. அந்த ஆட்டோவத்தான் சார் லாரி...”

முகம் மலர்ந்தபடியே நின்றது. வாய் மட்டும் மேலே போகவில்லை. இளவரசி எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆனால் சட்டம் அழாது. அதுதான் அதன் பெருமை. தீர்ப்பு வந்தது, பணமும் வந்தது, இளவரசி மறுபடி கல்லூரிக்குப் போனாள். விதிப்படி எல்லம்மாள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுடைய ‘சொந்தச் செலவு’ என்று கழிக்கப்பட்டது. சடையப்பன் குடித்த டீ, பிடித்த பீடி, வைத்த மீசைக்குத் தடவிய எண்ணெய் எதிலும் ஒரு காசு கழிக்கவில்லை. அதெல்லாம் ‘குடும்பச் செலவு’.