தலைக்கவச முதலாளியும் நேந்திரன் சிப்ஸும்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தொழிற்சாலைதான் நடத்தியிருக்கிறேன். காலை ஆராதனை முடிந்ததும் திறந்து, சாயங்கால டீக்கு முன்னால் இழுத்து மூடிவிட்ட தொழிற்சாலை. மூலதனம், நாங்கள் வாஷிங் மெஷின் வாங்க வைத்திருந்த பணம். உற்பத்தி, நேந்திரன் சிப்ஸ். ஒரு பொட்டலம் மிச்சமில்லாமல் விற்றது. நல்ல லாபமும் வந்தது. யாருக்கு வந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் மாதச் சம்பளக்காரனை யாரும் மட்டமாகப் பேசமாட்டார்கள். மரியாதையாகப் பரிதாபப்படுவார்கள். கல்யாணமான புதிதில் நான் பீளமேட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருந்தேன். விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம், "கம்பெனில இருக்கறீங்க, சரிங்க. சொந்தமா என்ன பண்றீங்க?" என்றே கேட்டார்கள். என் மனைவி மெர்சியின் சித்தப்பாவுக்கு லேத் பட்டறை, பெரியப்பாவுக்கு மாவு மில். மாமனார் பம்பு செட் உதிரிபாகம் செய்து ஓய்ந்தவர், அவர்கள் சபையின் பொருளாளர். "மாப்ள ரொம்ப அமைதிங்க" என்று என்னை அறிமுகப்படுத்துவார். அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும்.

உண்மையில் எனக்கும் ஒரு சொந்தத் தொழில் இருந்தது. இணையத்தில் ஊர் உலகமே சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டில் நான் தலைக்கவச உற்பத்தியாளர். மற்றவர்கள் வாளைத் தூக்கிக்கொண்டு ராட்சசர்களை வெட்டப் போனார்கள். நான் முதல் நாளே சுத்தியலைக் கையில் எடுத்தேன். சுரங்கத்தில் இரும்புத் தாது வெட்டி, உலையில் காய்ச்சி, கவசமாக அடித்து, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சந்தையில் ஏலத்துக்கு விடுவேன். விற்றால் சந்தைக் கமிஷன் ஐந்து சதவீதம் போக மீதிக் காசு என் பைக்கு வரும். (பையும் காசும் கணினிக்குள்ளே. மாதச் சந்தா மட்டும் வெளியே, நிஜ ரூபாயில்.)

மெர்சி ஒரு பம்பு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். ஒரு நாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரு குல்லாவுக்கு எத்தனை தாது ஆகுமுங்க?"

"பத்து. குல்லா இல்ல கண்ணு, கவசம்."

"ஒரு தாது என்ன வெலைங்க?"

"பத்துக் காசு."

"குல்லா?"

"எழுவது."

"அப்ப நூறு காசு சாமானத்தைத் தட்டித் தட்டி எழுவது காசு ஆக்கறீங்க."

"தாது ஃப்ரீ கண்ணு. நானே வெட்டுனது. கைவேலையும் நம்முளுது, அதுவும் ஃப்ரீ. எழுவதும் லாபந்தான்."

"தாதுவை அப்படியே வித்தா நூறுங்களே?"

தொழிலதிபர்கள் பதில் இல்லாத இடத்தில் புன்னகைப்பார்கள். நானும் புன்னகைத்தேன். சங்கதி இதுதான்: கவசம் அடிக்க அடிக்க அடிப்பவனின் கைத்திறன் ஏறும். அந்த ஆசையில் விளையாட்டில் பாதிப் பேர் கவசமாக அடித்துத் தள்ளினார்கள். சந்தையில் கவசம் மலையாகக் குவிந்திருந்தது. போட்டுக்கொள்ளத் தலைதான் பற்றவில்லை. "சந்தை திரும்பும் பாரு" என்றேன். மெர்சி வாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

அந்தத் துணிக்காகத்தான் மெஷின். இரண்டு பேரும் சேர்ந்து பதினெட்டாயிரம் ஒதுக்கி, ஒரு உறையில் போட்டு வைத்திருந்தோம். விளைச்சலுக்காக ஆலயத்தில் நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் ஆலயம், சாயங்காலம் அப்படியே காந்திபுரம் போய் மெஷினுக்குப் பணம் கட்டுவது என்று திட்டம். உறை என் சட்டைப் பையில் இருந்தது. இருந்தது என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள்.

நான் அந்தியூர்க்காரன். எங்கள் ஊரில் நாலு குடும்பம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற சிறிய கூட்டம்தான் எங்கள் சபை. அறுப்பின் பண்டிகை என்றால் காணிக்கைப் பையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடப் போடுவோம், அவ்வளவுதான். மெர்சியின் சபையில் அது திருவிழா. பூசணிக்காய், வாழைத்தார், சேவல், முட்டை, வெல்லம் என்று அவரவர் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே பந்தலில் ஏலம் விடுவார்கள். பெயரைச் சொல்லி ஏலம் எடுத்தால் போதும், பணம் சாயங்காலம் கட்டலாம். அந்த வருஷத்து ஏலப் பணம் ஆலயக் கூரைக்கு. மழை வந்தால் பாடகர் குழு உட்காரும் பக்கம் ஒழுகும். ஆராதனையின் நடுவிலேயே அவர்கள் ஒருவரை ஒருவர் இடித்து நகர்ந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

மைக் பிடித்தவர் உக்கடத்தில் டெம்போ ஓட்டும் சாமுவேல் அண்ணன். முதல் பூசணிக்காயை ஒரு பெரியவர் எண்ணூறுக்கு எடுத்தார். எடுத்தவர் அதைத் தொடக்கூட இல்லை. "மறு ஏலத்துக்கு உட்டுருங்க சாமுவேலு" என்றார். அதே பூசணி இன்னொருவருக்கு ஆயிரத்துக்குப் போனது. அவரும் மறு ஏலம் என்றார்.

என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. (அன்று அது எரியாமல் இருந்திருக்கலாம்.) அந்தியூர் குதிரைச் சந்தையில் காலையில் வாங்கிய குதிரையை மத்தியானத்துக்குள் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, நடுவில் ஒரு தொகை பார்ப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எண்ணூறுக்கு எடுத்து ஆயிரத்துக்கு விட்டால் பெரியவருக்கு இருநூறு லாபம். சத்தமில்லாமல் சம்பாதிக்கிறார்கள்! இதைப் பற்றி இந்தக் குடும்பத்தில் ஒருவரும் என்னிடம் வாயைத் திறக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

"ஆயிரத்தி எரநூறு!" என்று கத்தினேன்.

மொத்தப் பந்தலும் திரும்பிப் பார்த்தது. மாமனார் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பூசணி எனக்கு வந்தது. நானும் அலட்சியமாக, "மறு ஏலம்" என்றேன். ஆயிரத்தைந்நூறுக்குப் போனது. கைதட்டினார்கள். விளையாட்டில் ஒரு கவசம் விற்றால் 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் வரும். அது என் காதுக்குள் கேட்டது.

ஒரு சேவலை இரண்டாயிரத்துக்கு எடுத்து மறு ஏலத்துக்கு விட்டேன். முட்டைத் தட்டுகளையும் அப்படியே. டிங், டிங். ஆனால் வாங்கி விற்பது தரகு வேலை. நான் உற்பத்தியாளன். அப்போதுதான் ஒரு நேந்திரன் தார் வந்தது.

"ரெண்டாயிரத்தி நானூறு" என்றேன்.

"நம்ம உக்கடம் மார்க்கெட்டுல ஐநூறு ரூவாய்க்கு ரெண்டு வருமுங்க" என்று சாமுவேல் அண்ணன் மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். விவரம் தெரியாதவர்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தொடர்ந்து ஒரு டின் தேங்காய் எண்ணெயை மூவாயிரத்துக்கும், இன்னொரு தாரை அதற்கும் மேலேயும் எடுத்தேன். "மறு ஏலமுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. இது சிப்ஸா வரும்" என்றேன்.

பண்டிகைப் பிரியாணி வெந்து இறங்கியிருந்த சமையல் கொட்டகையில் அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. மாமியாரிடமிருந்து சிப்ஸ் சீவும் கட்டை வந்தது. வாலிபர் சங்கத்துப் பையன்களைக் காய் உரிக்க உட்கார வைத்தேன். மெர்சி எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றாள். பட்டுப்புடவைமேல் யாருடைய பழைய துண்டையோ கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இத்தனை எதுக்குங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம மெஷினுக்குத்தான். பாத்துட்டே இரு."

அவளுக்கு அது புரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். கூட்டத்தின் நடுவில், அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆலயத்துக்குச் செய்கிற புருஷனை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் சிப்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிப்ஸ் சூடாகப் பந்தலுக்குப் போனது. முதல் பொட்டலம் ஐந்நூறு! அடுத்தது நானூறு. அதன்பின் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆறு மாதமாகக் கவசம் அடித்தும் கிடைக்காத சந்தை எனக்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். எடுத்தது பதினாறாயிரத்துக்கு. விற்றது இருபத்தி ரெண்டாயிரத்துக்கு. ஆறாயிரம் லாபம். மெஷினை முன்பக்கம் கதவு திறக்கிற மாடலாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

டீ நேரத்தில் பொருளாளர் மேஜைக்குப் போனேன். மாமனார் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நம்ம கணக்கு பாத்துரலாங்களா?"

"உக்காருங்க மாப்ள, என்ன அவசரம்?"

"அவசரமில்லீங்க. கமிஷன் அஞ்சு பர்சென்ட் சபைக்கு எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

மாமனார் பேனாவைக் கீழே வைத்தார். மருமகனின் பெருந்தன்மை அவரை அசைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு எழுந்து மைக்கிடம் போனார்.

"சபையாருக்கு ஒரு சந்தோஷ செய்திங்க. எங்க மாப்ள ஜோசுவா இன்னிக்கு ஏலத்துல எடுத்தது மட்டும் பதினாறாயிரம். எடுத்ததை ஒண்ணுகூட ஊட்டுக்குக் கொண்டுபோகலீங்க. பாதியைத் திருப்பி ஏலத்துக்கே குடுத்தாரு. மீதியைத் தன் கையால சிப்ஸ் போட்டு அதையும் சபைக்கே குடுத்துட்டாரு. அதுக்கு மேல, தானா வந்து, இன்னொரு அஞ்சு பர்சென்ட்டும் சேத்துக்கச் சொல்றாருங்க!"

பந்தலே எழுந்து கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டலின் நடுவில்தான் உலகம் விளங்கியது. மறு ஏலம் என்றால் எடுத்தவனும் பணம் கட்டுவான், அடுத்து எடுத்தவனும் கட்டுவான், இரண்டும் ஆலயத்துக்கே போகும். அந்தப் பெரியவர் இருநூறு சம்பாதிக்கவில்லை. எண்ணூறு கொடுத்திருக்கிறார். நான் பதினாறாயிரம் கொடுத்திருக்கிறேன். கமிஷனோடு பதினாறாயிரத்து எண்ணூறு.

சபை ஆயர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். "இந்த மகனின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும்" என்றார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது நிஜம். பின்வரிசையில் ஒரு அம்மா, "பாருங்க, எப்படி உருகறாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமனார் என் தோளில் கை போட்டு, "அமைதியான பையன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க மாப்ள" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உறையை எடுத்து நீட்டினேன். ஆயிரத்து இருநூறைத் திருப்பித் தந்தார்.

பீளமேட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மெர்சி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். "மெசின் போச்சுன்னு கோவந்தானுங்க. ஆனா எங்கப்பா அப்படிச் சொன்னப்ப பெருமையா இருந்துச்சு" என்றாள். அந்தப் பெருமையை என்னால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் சுமக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குதிரைச் சந்தை, ஐந்து சதவீதம், ஆறாயிரம் லாபம், முன்பக்கக் கதவு, எல்லாம்.

மெர்சி முதலில் என்னை முறைத்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் வந்து, "தண்ணி வேணுமுங்களா அம்மணி?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் வாளியும் சோப்பும் என் கணினி மேஜைமேல் இருந்தன.

"இது எதுக்கு?"

"போனஸ் வர்ற வரைக்கும் உற்பத்தி உங்குளுதுங்க. அழுக்குத் துணி ஃப்ரீ, நம்ம ஊட்டுலயே கெடைக்குது. கைவேலையும் ஃப்ரீ. சலவை பண்ணுனா எல்லாம் லாபந்தானுங்களே?"

போனஸ் வரும்வரை துவைத்தேன். விளையாட்டுச் சந்தாவை நானே நிறுத்திவிட்டேன். கை வலியில் சுத்தியல் பிடிக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். மெஷின் வந்தது, மகள் பிறந்தாள், அந்த மெஷினுக்கும் வயதானது. வீட்டில் யாராவது கடையில் மலிவாகக் கிடைக்கிற பொருளை இரண்டு மடங்கு செலவில் கையால் செய்தால், "அப்பா குல்லா பண்றாங்க" என்று மகள் சொல்வாள். அறுப்பின் பண்டிகையில் முதல் பூசணிக்காய் இன்றுவரை என் பெயருக்குத்தான் வரும். சாமுவேல் அண்ணன் ஆயிரத்து இருநூறில்தான் தொடங்குவார்.

போன மாதம் மெஷின் பழுதாகி நின்றது. நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தபோது மாமனார் வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். மனசு கேட்காமல் அவரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். "மாமா, அந்தச் சிப்ஸ் வருஷம் இருக்குதுங்களே…"

"தெரியுமுங்க மாப்ள."

"என்னங்க தெரியும்?"

"கமிஷன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும். சபைக்கு எந்த மாப்ளயாவது கமிஷன் குடுப்பாருங்களா? மீதியை லாபமா வாங்கிட்டுப் போக வந்திருக்கறீங்கன்னு தெரிஞ்சுதானே மைக்குக்குப் போனேன்."

கையிலிருந்த சட்டையை நான் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே மாமா? மெசின் காசுங்க அது."

மாமனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "கூரை ஒழுகிட்டிருந்துச்சுங்க மாப்ள. உங்க ஊட்டுத் துணி தொவைக்க நீங்க இருந்தீங்க. கூரைக்கு யாருங்க இருந்தா?"