ஆற்றில் அளக்காமல் போட்டது

சேசு மரி சூசை துணை

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
ஒக்டோபர் 24, வெள்ளி

அன்பும் சங்கையும் நிறைந்த அண்ணை சுவாமிக்கு,

தம்பி செபமாலை முழந்தாளில் நின்று எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியால் குசினி மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். பாவத்தை வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடாது என்பதால் கடிதம். மனிசி இமெல்டா சுகம். எனக்குச் சீனி வருத்தம் அப்படியே இருக்கிறது. அவள் வீட்டுச் சீனியையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டு வெறும் தேத்தண்ணி தருகிறாள். எங்கே ஒளிக்கிறாள் என்பது அந்தோனியாருக்குத்தான் வெளிச்சம்.

மகள் ஜொய்சி சால்மன் மீன்களைக் காக்கிற சங்கத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து காரில் ஆறு மணித்தியாலம் போனால் ஓர் ஓடை, அதற்கு மேலே ஒரு சுரங்கம். சுரங்கத்துக்குப் போட்ட பழைய பாதை ஓடையை மறித்ததால் முப்பது வருடமாக அங்கே சால்மன் ஏறவில்லை. சங்கமும் கொம்பனியும் கோடு கச்சேரி என்று வழக்காடிக் களைத்து, இரண்டு வருடத்துக்கு முன், ஓடையைச் சேர்ந்தே திருத்துவோம் என்று கையெழுத்து வைத்தார்கள். கொம்பனி இயந்திரம் கொடுத்தது, சங்கம் ஆள் கொடுத்தது. பாதையை உடைத்து, மீன் முட்டையிடுவதற்குப் பருக்கைக்கல் பரப்பினார்கள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே எங்கள் ஜொய்சிதான். ஒரேயொரு நிபந்தனை: தண்ணீருக்குள் ஒரு மானி. சுரங்கத்துக் கழிவுநீர் கசிந்தால் தண்ணீரில் உப்பு ஏறும், மானி இரண்டு பக்கத்தாரின் போனுக்கும் அடிக்கும். அடித்தால் ஒப்பந்தம் நிற்கும், பிள்ளையின் இரண்டு வருட உழைப்பும் அதோடு போகும்.

இந்த ஒக்டோபரில் முதல் மீன் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிள்ளை சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. போன சனிக்கிழமை தொண்டர்கள் கல் அடுக்கும் நாள். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கிய தோள்தானே என்று றப்பர் சப்பாத்தோடு நானும் போனேன். போகும்போது, ஊரிலிருந்து வந்த பிலோமினம்மாவிடம் நீங்கள் மந்திரித்துக் கொடுத்துவிட்ட உப்பை, அந்தோனியார் படத்துக்குப் பின்னாலிருந்து போத்தலோடு எடுத்துக்கொண்டேன். புதுவீட்டு மூலைகளில் தூவுகிறோம், மீனுக்கும் அது புதுவீடுதானே? எல்லோரும் சான்ட்விச் சாப்பிடப் போன நேரம், மானிக்குக் கொஞ்சம் மேலே நின்று, ஒரு பரலோக மந்திரம் சொல்லித் தூவினேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் போத்தலைக் கவிழ்த்துவிட்டேன். கை பிசுபிசுத்தது. அருள் இறங்கிவிட்டது என்று நெற்றியில் தொட்டுக்கொண்டேன்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை, எல்லாப் போனும் ஒன்றாக அலறியது. சுரங்கத்தின் நீர்ப் பொறியாளர் இரவிச்சந்திரன், சென்னைக்காரர், சேற்றில் வழுக்கி விழுந்து எழும்பி ஓடிவந்தார்.

“இது எங்க தண்ணியே இல்லைங்க. உங்க ஆளுங்க யாரோ மீட்டர்ல கை வச்சிருக்காங்க!”

ஜொய்சிக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும். “எங்கட ஆக்கள் ஏன் அதைத் தொடப்போகினம்? முதல்ல போய் உங்கட குழாயைப் பாருங்கோ!”

என் ஜக்கெற்றுக்குள் வெறும் போத்தல். ஒரு மணித்தியாலம் மானி இறங்கவில்லை. அண்ணை, அந்த ஒரு மணித்தியாலம் நான் பட்ட பயம் ஷெல் அடித்த நாட்களிலும் பட்டதில்லை. அன்று என் பிழை ஒன்றும் இருக்கவில்லையே.

ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. கொம்பனி வக்கீலை இறக்கியது, சங்கமும் இறக்கியது. வெள்ளிக்கிழமை குழாய்களைத் தோண்டிப் பார்ப்பதென்றும், அதற்கு முதல் வியாழன் மொன்றியலில் கடைசிக் கூட்டம் என்றும் முடிவு. புதன் முழுக்க ஜொய்சி குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? வியாழன் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாட்டில் கூட்டத்துக்குள் நுழைந்து, சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றபடியே, “நான்தான் போட்டனான்” என்றேன்.

ஜொய்சி மொழிபெயர்க்க மறந்து என்னையே பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள். இரவிச்சந்திரன் எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். “சார், நீங்க தெய்வம் சார்!” வக்கீல்கள்கூடச் சிரித்தார்கள். தோண்டுகிற வேலையை நிறுத்தினார்கள். மானி அடித்த காரணம் உப்புத்தான் என்று ஒரு கடதாசி அடித்தார்கள், கீழே நானும் கையெழுத்து வைத்தேன். மெற்றோவில் வரும்போது ஜொய்சி மட்டும் கேட்டாள்: “ஒரு போத்தல் உப்புக்கு ஒரு மணித்தியாலம் அடிக்குமோ அப்பா?”

“சுவாமி மந்திரிச்ச உப்பு பிள்ளை, அடிக்கும்” என்றேன்.

இன்று காலை செய்தி வந்தது: முதல் சால்மன் ஏறி, பருக்கைக்கல்லில் முட்டையிட்டிருக்கிறது! ஜொய்சி ஒரு கோப்பை சோறு முழுக்கச் சாப்பிட்டாள். உங்கள் உப்பின் புண்ணியம், என் மௌனத்தின் பாவம் இரண்டுக்குமாக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். உங்கள் இரத்த அழுத்தக் குளிசையைத் தவறாமல் போடுங்கள். கோயிற்பற்றில் எல்லோருக்கும் எங்கள் தோத்திரம்.

உங்கள் ஆசீருக்குத் தலை குனியும் தம்பி,
செபமாலை

பி.கு: உறையை ஒட்டுகிற நேரம், மீன் வந்த சந்தோசத்துக்குக் கேக் அடிக்க வந்த இமெல்டா அந்தோனியார் படத்துக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவிவிட்டுக் கத்தினாள்: “இஞ்சை ஒளிச்சு வைச்ச சீனிப் போத்தல் எங்கையப்பா?” நீங்கள் தந்த உப்பு அலுமாரியில், அவளின் கூறைச்சேலைக்கு அடியில், மூடி திறக்காமல் இருக்கிறது. ஆற்றில் நான் கவிழ்த்தது சீனி. சீனி போட்டால் உங்கள் தேத்தண்ணியில்கூட உப்பு ஏறாது அண்ணை. அப்படியென்றால் சனிக்கிழமை மானியை அடிக்கவைத்தது சுரங்கத்துக் கழிவுநீர். அதைத் தோண்டாமல் நிறுத்திய கடதாசியில் என் கையெழுத்து. ஜொய்சி வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது, ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். சொல்லப்போகிறேன். மேலே கேட்ட பூசை வேண்டாம், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் துணிவு கேட்டு மன்றாடுங்கள். முட்டைகள் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கின்றன.