சார் ஒழிப்பு வாரம்

நீர்ப்பங்கீட்டுத் துறையில் லஞ்சத்தை ஒழிப்பதா, தாமதத்தை ஒழிப்பதா, வாய்க்காலில் ஆகாயத்தாமரையை ஒழிப்பதா என்று மேலிடத்தில் நெடுநாள் ஆலோசித்தார்கள். மூன்றும் ஆகாத காரியம் என்று தெளிவானதும், 'சார்' என்ற சொல்லை ஒழிப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அப்போது எதற்கெடுத்தாலும் வெளிநாட்டு ஆலோசகர்களை வரவழைக்கும் காலம். கோலாவும் கேபிள் டிவியும் வந்த வழியாகவே அவர்களும் வந்தார்கள். நட்சத்திர ஹோட்டலில் தங்கி, கார் கண்ணாடியை இறக்காமலே டெல்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு அறிக்கை கொடுத்தார்கள். தங்கள் நாட்டில் முதலாளியையே பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவும், அங்கே தண்ணீர் தங்குதடையின்றி ஓடுவதாகவும், இவ்விரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இருக்க முடியாது என்றும் அதில் கண்டிருந்தது.

உடனே ஆணை பிறந்தது. இனி ஊழியர்களை யாரும் சார் என்று அழைக்கக் கூடாது. பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். ஒழித்த சொல் வீணாகப் போய்விடக் கூடாதல்லவா? ஆகவே அதைப் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்கு வருகிறவர்களே எஜமானர்கள் என்பதால், அவர்களை ஊழியர்கள் சார் என்று அழைக்க வேண்டும். இதை மக்கள் மனத்தில் பதிய வைக்க 'சார் ஒழிப்பு வாரம்' கொண்டாடவும் உத்தரவாயிற்று. வாரம் என்றால் ஏழு நாள் அல்ல, சொல் ஒழிகிறவரைக்கும்.

இந்த ஆணையால் நாட்டில் யாருக்கு நஷ்டமோ தெரியாது. குத்தாலத்துக்குக் கிழக்கே மேலப்படுகை என்னும் ஊரில் பஞ்சநதம் என்ற மிராசுதாருக்குப் பெரும் நஷ்டம். மிராசு என்பது பெயரளவில்தான். மிச்சமிருந்தது கொஞ்சம் நிலம். அவருடைய உண்மையான சொத்து வேறு. சார் சொல்வதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

செருப்பைக் கழற்றும்போதே வாசலில் மெல்ல ஒரு சார் சொல்வார். 'நான் வந்திருக்கிறேன், தாங்கள் நிமிர வேண்டாம்' என்று அதற்குப் பொருள். மேசையருகே போனதும் இழுத்து ஒரு சார். அதில் வெள்ளம், வறட்சி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அடங்கிவிடும். அதிகாரி சாப்பாட்டுக்கு எழுந்தால், பின்னாலேயே ஓடி "சார் சார் சார்" என்று மூன்றாக உடைத்துப் போடுவார். கோபம் வந்தால் "என்ன சார் நீங்க" என்பார். கோபப்பட்டது மாதிரியும் இருக்கும், படாதது மாதிரியும் இருக்கும். "சாருக்கு" என்று குரலைத் தாழ்த்தி, சட்டைப்பையைத் தொட்டுக் காட்டுகிற ஒன்றும் உண்டு. ஊரில் யாருக்கு ஆபீசில் வேலை இருந்தாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள்.

மகன் பிரபு சிங்கப்பூரில் இருந்தான். ஒருநாள் போனில், "எங்க பாஸ் பேரு டேவிட்ப்பா. டேவிட்னுதான் கூப்பிடுவேன்" என்றான். "அடப்பாவி, வேலை போயிரும்டா!" என்று அலறிய பஞ்சநதம், அன்றைக்கே கோயிலுக்குப் போய்ப் பிள்ளை பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய வாய்க்கால் தளும்புகிறது. ஆனால் மேலப்படுகைக்குப் பிரிகிற கிளை வாய்க்காலின் மதகு மட்டும் பூட்டிக் கிடக்கிறது. மதகுக்கு இந்தப் பக்கம் சம்பா நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. இன்னும் சில நாள் தண்ணீர் காட்டாவிட்டால் நாற்று கருகிப் போகும். நாற்று போனால் அந்த வருஷமே போனது. சாவி பிரிவு அலுவலகத்தில், அதிகாரி நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது.

பஞ்சநதம் போனார். வாசலில் புதுப் பலகை: 'பெயர் சொல்லி அழையுங்கள், பெருமையுடன் பழகுங்கள்.' அவர் கண்ணில் அது படவில்லை. செருப்பைக் கழற்றினார். வழக்கமான மெல்லிய சாருக்கு வாயைத் திறந்தார்.

"வாங்க சார், வாங்க" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கிளார்க் ஜூலியட்.

பஞ்சநதம் சட்டென்று ஒதுங்கி, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"உங்களத்தான் சார். உக்காருங்க சார்" என்று ஜூலியட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். போன மாதம்வரை "என்னய்யா?" என்று கேட்டவள். ஏதோ பெரிய வம்பில் மாட்டிக்கொண்டோம் என்றே பஞ்சநதம் நினைத்தார்.

அதிகாரி குஞ்சிதபாதம் எழுந்து நின்று கும்பிட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

"சார், நம்ம மதகு…"

"ஷ்ஷ்!" குஞ்சிதபாதம் பதறிப்போனார். "சார்னு சொல்லாதீங்க சார். மாறுவேஷத்துல ஸ்குவாடு சுத்துது, எனக்கு மெமோ வந்துரும். பேரச் சொல்லுங்க. சட்டையில குத்தியிருக்கேன் பாருங்க."

பஞ்சநதம் பார்த்தார். எழுத்து தெரிந்தது, நாக்கு எழவில்லை. "குஞ்" என்று தொடங்கி, இருமலாக மாற்றிக்கொண்டார். சம்பளம் வாங்குகிற அதிகாரியை மொட்டையாகப் பெயர் சொல்லி அழைத்தால் மதகு என்ன, மழையே நின்றுவிடும் என்று தோன்றியது. பெயர் சொல்லாமல் ஓர் ஆளைக் கூப்பிட வழி உண்டா? உண்டு. அவர் மனைவி மங்களாம்பிகை கல்யாணமான நாளிலிருந்து அதைத்தானே செய்கிறாள்!

"ஏங்க…" என்றார் பஞ்சநதம், பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு. "இந்தாங்க… உங்களத்தாங்க."

குஞ்சிதபாதத்தின் முகம் சிவந்துவிட்டது. ஜூலியட் அவசரமாக பீரோவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"என்ன வேணும், சொல்லுங்க சார்."

"மதகத் தொறக்கணுங்க. நாத்து காயுதுங்க."

"தாராளமா. உத்தரவு போடுங்க, தொறந்துருவோம்."

"நானுங்களா?"

"பின்ன? ஆணைப்படி நீங்கதான சார் எஜமான். இத்தன நாளா மேல இருக்கவங்க சொன்னாத் தொறப்போம். இப்ப எனக்கு மேல நீங்கதான். எஜமான் சொல்லாம நான் சாவியத் தொட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

பணியில் சேர்ந்த நாள்முதல் எதற்கும் பொறுப்பேற்காமல் இருக்கும் கலையைக் குஞ்சிதபாதம் பயின்று வந்தவர். அந்தக் கலைக்கு அரசாங்கமே இப்படி ஓர் ஆணை போட்டுக் கொடுக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பஞ்சநதத்துக்கு வியர்த்தது. கேட்பதில் அவர் கெட்டிக்காரர். கொடுப்பது எப்படி என்று அவருக்கு யார் சொல்லித்தந்தார்கள்? 'திற' என்று சொல்லி, ஏதாவது விசாரணை என்று வந்துவிட்டால்? மேல்மடைக்காரன் சண்டைக்கு வந்தால்?

"யோசிக்கணுங்களே" என்றார்.

"அதான் சார் நிர்வாகம்! யோசிங்க. நாற்காலி இருக்கு, ஃபேன் இருக்கு. ஜூலியட், சாருக்கு டீ சொல்லுங்க."

டீ வந்தது. பஞ்சநதம் அதை ஆற்றிக்கொண்டிருந்தபோது வாய்க்கால் முடிகிற கடைமடையைச் சேர்ந்த ஆசீர்வாதம் உள்ளே வந்தார். அதே வாய்க்கால், அதே மதகு, அதே காய்ந்த நாற்று. ஃபேனுக்கு அடியில் பஞ்சநதம் உட்கார்ந்திருப்பதையும், ஜூலியட் "சக்கர போதுமா சார்?" என்று கேட்பதையும் பார்த்தார். நிலைமை புரிந்துவிட்டது. துண்டை இடுப்பில் கட்டினார்.

"சா…ர்."

வாழ்நாளெல்லாம் அந்த இழுத்த சாரைச் சொன்ன பஞ்சநதம், நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. இழுப்பு கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நல்ல சார். அது காதுக்குள் இறங்கி முதுகை நேராக்கியது. கழுத்து தானாகப் பின்னுக்குச் சாய்ந்தது.

"என்ன விஷயம்?"

"நாத்து காயுது சார். மதகக் கொஞ்சம் தொறந்து விட்டீங்கன்னா…"

தன் நாற்றும் அந்த மதகை நம்பித்தான் இருக்கிறது என்பது பஞ்சநதத்துக்குத் தெரியாமல் இல்லை. 'திறக்கச் சொல்' என்றுதான் நினைத்தார். ஆனால் நாற்காலிக்கு என்று ஒரு வாய் இருக்கிறது.

"நாளைக்கு வாங்க, பாப்போம்."

"ரொம்ப நன்றிங்க சார்!" என்று ஆசீர்வாதம் முதுகு காட்டாமல் பின்வாங்கிப் போனார்.

குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இது படிய வருஷக்கணக்காச்சு. உங்களுக்குப் பிறவியிலயே இருக்கு சார்."

மறுநாள் பஞ்சநதம் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். அதற்கு அடுத்த நாள் சட்டைப்பையில் பேனாவும் ஏறியது. வரிசை நீண்டது. எல்லோரும் அதே மதகைத்தான் கேட்டார்கள். எல்லோரையும் அவர் நாளைக்குத்தான் வரச் சொன்னார். வந்தவர்களில் யாரும் அவரைப் போலவே தாமும் ஆணைப்படி சார்தான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் நிற்க வேண்டியதுதானே! வீட்டில் மங்களாம்பிகை நாற்றுப் பற்றிப் பேச்செடுத்தபோது, "ஆபீஸ் விஷயத்த வீட்ல பேசாத" என்று எரிந்து விழுந்தார்.

அவள் மறுநாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பிடி நாற்று, பாதி பழுத்து, பாதி கருகி. நேரே வரிசையைத் தாண்டி நாற்காலிக்கு முன்னால் போனாள்.

"ஏங்க, நாத்து போவுதுங்க."

பஞ்சநதம் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "மனு எழுதிக் குடுத்துட்டு வரிசையில நில்லு."

ஆசீர்வாதம் அவளுக்கு இடம் விட்டார். "நில்லு தங்கச்சி. சாரு நல்ல மனுஷன். நாளைக்குப் பாக்குறேன்னிருக்காரு."

மங்களாம்பிகை வரிசையைப் பார்த்தாள். நிற்கிற அத்தனை பேர் நிலமும் காய்கிறது. அத்தனை பேர் முகத்திலும் மரியாதை வழிகிறது. வாசலில் தொங்கிய பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஜூலியட்டம்மா, இங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடணுமா?"

"ஆமாங்க சார்" என்றாள் ஜூலியட், ஆணைப்படி.

"பஞ்சநதம்!" என்றாள் மங்களாம்பிகை. "எந்திரி!"

பஞ்சநதம் எழுந்துவிட்டார். யாரும் கூப்பிடாமலே குஞ்சிதபாதமும் எழுந்தார். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த மதகு திறந்து மூடும் ஊழியர், லஸ்கர் சகாயராஜ், துள்ளி எழுந்து, ஆணியிலிருந்த சாவியைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அவர் சர்வீசில் இவ்வளவு தெளிவான உத்தரவை அதுவரை கேட்டதில்லை. அன்று மத்தியானமே மேலப்படுகைக்கும் கடைமடைக்கும் தண்ணீர் போய்விட்டது.

சாயங்காலம் பஞ்சாயத்து டிவி கொட்டகையில் ஊர் கூடியது. காலில் சேறு காயாமலே வந்திருந்தார்கள். மங்களாம்பிகைக்கு மாலை போடத்தான் என்று நினைத்தால், அது உங்கள் வெகுளித்தனம்.

"தண்ணி வந்துச்சு, இல்லங்கல" என்று தொடங்கினார் ஆசீர்வாதம். "அதுக்காக ஒரு பொம்பள, புருஷன் பேர இத்தன பேரு முன்னால சொல்றதா? எங்க சர்ச்சுலயும் கேட்டுட்டேன். ஒத்துக்க மாட்டாங்க."

கோயில்காரர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிலும் ஒன்று சேராத ஊர் இதில் ஒன்று சேர்ந்தது. மங்களாம்பிகை இனி ஆபீஸ் பக்கமே போகக் கூடாது என்றும், குடும்பத்தைக் கெடுக்கிற இந்த ஆணையை அரசாங்கம் திரும்பப் பெற்று, எங்கள் சாரை எங்களுக்கே தர வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். நடுவில் அமர்ந்திருந்த பஞ்சநதத்துடையதுதான் முதல் கையெழுத்து.

மேலப்படுகை அனுப்பிய மனுக்களில் உடனே பலித்தது அது ஒன்றுதான். மக்களின் ஏகோபித்த விருப்பத்துக்கிணங்க ஆணை ரத்தாயிற்று. மக்கள் பங்கேற்புக்கு இது ஒரு மகத்தான வெற்றி என்று ஆலோசகர்கள் இன்னொரு அறிக்கை கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்கள். ஜூலியட் "என்னய்யா?"வுக்குத் திரும்பினாள். வாசல் பலகை, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கப் போயிற்று. சாவி ஆணிக்குப் போயிற்று. மதகு மட்டும் திறந்தபடியே இருந்தது.

அப்புறம் மழை பிடித்தது. மேலேயும் தண்ணீர், மதகு வழியாகவும் தண்ணீர். வடிய இடமில்லாமல் நாற்றங்கால் முழுகத் தொடங்கியது. பச்சை பிடித்து எழுந்திருந்த நாற்றின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

பஞ்சநதம் குடையைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். செருப்பைக் கழற்றினார். வாசலில் மெல்ல ஒன்று. மேசையருகே போய், தன் வாழ்நாளிலேயே சிறந்த சாரைச் சொன்னார்.

"சா…ர்."

குஞ்சிதபாதம் நிமிரவில்லை. "என்னய்யா?"

"நாத்து முழுகுது சார். மதக மூடணும் சார்."

"நாளைக்கு வா, பாப்போம்."

"ரொம்ப நன்றிங்க சார்" என்றார் பஞ்சநதம். எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நிம்மதியாக நடந்து வயலுக்குப் போனார்.

மங்களாம்பிகை தனியாளாக மழையில் நின்று, தண்ணீர் வடிய வரப்பை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டாரு!" என்றார் பஞ்சநதம், முகமெல்லாம் மலர.

அவள் மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றினாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"சரிங்க சார்" என்றாள்.

பஞ்சநதம் சட்டென்று ஒதுங்கி, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.